கைநாட்டுக்குத் திரும்பிய கையெழுத்து

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வாழ்நாள் கல்வி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஓய்வுபெற்றவர்கள் வீட்டிலிருந்தே இணையவழியில் ஏதாவது படிக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். நல்ல யோசனைதான். நானும் ஓய்வுக்குப் பிறகு ரசம் வைக்கக் கற்றுக்கொண்டேன்; வீட்டில் மறுபேச்சில்லாமல் குடிக்கிறார்கள். ஆனால் படித்தவர்கள் மேலும் படிப்பது மட்டும்தானா வாழ்நாள் கல்வி?

புதுக்கோட்டை மாவட்டத்தில் அஞ்சலகக் கவுன்டரில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். சேமிப்புக் கணக்கில் கைநாட்டு வைப்பவர் பணம் எடுக்கச் சாட்சி வேண்டும். தெரிந்த ஆள் ஒருவரைக் கூட்டிவர வேண்டும். அவருக்கு டீ வாங்கித் தர வேண்டும். அதைவிடப் பெரிய சங்கடம், கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பது சாயந்திரத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் மகளுக்கென்று சேர்த்த காசாக இருந்தாலும் அப்படித்தான்.

1991-இல் எங்கள் மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தந்த அறிவொளி இயக்கம் தொடங்கியது. அடுத்த வருடம் ஒரு நாள், கல் குவாரியில் வேலை பார்க்கும் ஓர் அம்மா பணம் எடுக்க வந்தார். வழக்கம்போல மைப் பெட்டியை அவர் பக்கம் தள்ளினேன். “வேணாம் சார், நானே போடுறேன்” என்றார். பேனாவை உளியைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தார். முதல் எழுத்தே கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. வரிசையில் நின்ற ஒருவர், “நாலு எழுத்துக்கு இவ்வளவு நேரமா?” என்று முணுமுணுத்தார். அந்த அம்மா நிமிரவே இல்லை. கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்த பிறகுதான் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார். மாதிரிக் கையெழுத்து அட்டையைப் புதிதாக எழுதிக்கொடுத்தேன். அதற்கப்புறம் அவர் சாட்சியைக் கூட்டிவரவில்லை.

அதே காலத்தில்தான் எங்கள் பக்கத்துப் பெண்கள் சைக்கிளும் கற்றார்கள். அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதை இயக்கத்தோடு சேர்த்தே ஊக்குவித்தார். பார் வைத்த ஆண்கள் சைக்கிளில் குழந்தையை முன்னால் உட்காரவைத்து, பின்னால் தண்ணீர்க் குடத்தைக் கட்டிப் போவார்கள்.

பத்து வருடம் கழித்து நடந்ததை யாரும் எழுதுவதில்லை. அறிவொளியில் கையெழுத்துப் பழகியவர்களில் சிலர் கவுன்டரில் பேனாவைப் பிடித்தபடி தயங்க ஆரம்பித்தார்கள். “மறந்துபோச்சு சார்.” கையெழுத்து அட்டையோடு ஒத்துப்போகவில்லை என்று படிவத்தைத் திருப்பிக்கொடுத்தவன் நானேதான், விதி அப்படி. மறுபடியும் மைப் பெட்டி, சாட்சி, டீ. ஆனால் அவர்களுக்குச் சைக்கிள் மறக்கவில்லை, ஏனென்றால் தினமும் ஓட்டினார்கள். படித்த எழுத்தை ஓட்டிப் பார்க்கத்தான் வழியில்லை. பாடப்புத்தகம் முடிந்த பிறகு நான் பார்த்தவர்கள் கையில் வேறு புத்தகம் இல்லை. செய்தித்தாளின் பொடி எழுத்து அவர்கள் கண்ணுக்கு எட்டவில்லை.

2018-இல் கேரளத்தில் 96 வயது கார்த்தியாயினி அம்மா எழுத்தறிவுத் தேர்வில் 100-க்கு 98 வாங்கியதை எல்லாப் பத்திரிகைகளும் படத்தோடு போட்டன. எனக்கும் சந்தோஷம்தான். அந்த மதிப்பெண்ணைவிட, அதற்குப் பிறகும் பத்தாம் வகுப்பு வரை படிக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக 2022 முதல் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் நடக்கிறது. சரி, தேர்வு முடிந்த மறுநாள் அவர்கள் எதைப் படிப்பார்கள்? 1948-இலேயே நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். ஆனால் எனக்குத் தெரிந்த ஓர் ஊர்ப்புற நூலகம், நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள் வீடு திரும்பும் நேரத்தில் பூட்டிக் கிடக்கிறது. ராத்திரி எட்டு மணி வரை அதைத் திறந்துவைக்கலாம். பெரிய எழுத்தில், ஒரே மூச்சில் முடிக்கிற சின்னப் புத்தகங்களாக ஓர் அலமாரி வைக்கலாம். உங்கள் பத்திரிகையும் வாரம் ஒரு பக்கத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டால் என்ன? புதுக்கோட்டைப் பதிப்பில் மட்டுமாவது முயன்று பாருங்கள். அந்தப் பக்கத்தை வாங்கிக்கொண்டுபோய்ப் படிக்கக் கொடுக்க எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
புதுக்கோட்டை மாவட்டம்