அந்தக் கடை இருக்கிறதா, மும்தாஜ்?

பாபநாசம்,
புரட்டாசி, சனிக்கிழமை

அன்புள்ள மும்தாஜ்,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. மூன்று பக்கம் பேத்திக்குப் பல் முளைத்த கதை, கொல்லைப்புறத்து மாமரம், மருமகன் சிங்கப்பூரிலிருந்து வந்திருப்பது. கடைசியில் பேப்பரின் அடியோரத்தில் பொடி எழுத்தில், "ஒரு சேலை விஷயத்தில் ஏழாயிரத்து ஐநூறு போய்விட்டது, யாரிடமும் சொல்லிவிடாதே" என்று ஆரம்பித்து நடந்தது முழுவதும். கும்பகோணத்தில் காலேஜ் படித்தபோதும் நீ இப்படித்தான். பரீட்சையில் கோட்டை விட்டதை பஸ் ஏறும்போதுதான் சொல்வாய்.

அன்றைக்கு ராத்திரியே உன்னைக் கூப்பிட்டு, ஆன்லைன் பண மோசடிக்கு என்றே இருக்கிற உதவி எண் 1930-க்குப் பேசு என்றேன். பக்கத்தில் யாரோ இருந்தார்கள் போலிருக்கிறது, "சரி, சரி" என்று வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். தபாலில் போட்டால் உன் கைக்கு வரத் திங்கள் ஆகிவிடும், போட்டோ எடுத்து உன் போனுக்கும் அனுப்பிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. நீ ஏமாந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. "திருபுவனம் பட்டு, நேரடி தறி விலை, பதினெட்டாயிரம் ரூபாய் சேலை ஏழாயிரத்து ஐநூறு" என்று தறியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிற படத்தோடு வந்தால் நானும் பார்த்திருப்பேன். சிரிப்பு வந்தது எதற்கென்றால், கும்பகோணத்தில் பஸ் ஏறினால் இருபது நிமிஷத்தில் திருபுவனம். அந்த ஊர்ப் பட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள். நாம் இரண்டு பேரும் அந்த வழியாக எத்தனை தடவை போயிருப்போம்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் நானும் ஒரு தார்ப்பாய் வாங்கி ஏமாந்தேன், உன்னிடம் சொல்லவில்லை. குறுவை அறுத்து நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் கிடந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்றால் எடுக்க மாட்டேன் என்கிறார்கள், மேலே மேகம் கட்டிக்கொண்டு நிற்கிறது. ஆன்லைனில் கெட்டித் தார்ப்பாய் என்று பார்த்து மூவாயிரத்து நூற்றைம்பது கட்டினேன். வந்தது கல்யாணப் பந்தியில் விரிக்கிற பிளாஸ்டிக் தாள் மாதிரி இருந்தது. பிரித்தபோதே ஓரம் கிழிந்தது. கேட்டால், "இந்தப் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது, ஐம்பது ரூபாய் கூப்பன் தருகிறோம்" என்றார்கள். ஐம்பது ரூபாய்!

ஆனால் என் தார்ப்பாயும் உன் சேலையும் ஒரே மாதிரி விஷயம் இல்லை. எனக்கு விற்றவனுக்கு ஒரு முகவரி இருந்தது, பில்லில் ஜிஎஸ்டி எண் இருந்தது, அவன் ஒரு பெரிய தளத்துக்குள் கடை போட்டிருந்தான். அதாவது கடை இருந்தது, சரக்குதான் மட்டம். உன் விஷயத்தில் கடையே இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. எந்தக் கதவைத் தட்டுவது என்பது அதைப் பொறுத்தது. இது தெரியாமல் நான் முதல் வாரம் போலீஸ் ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் அலைந்தேன்.

கடை இருந்தால் அது நுகர்வோர் வழக்கு. 2020-இல் மின்வணிகத்துக்கென்று விதிகள் வந்தன. ஆன்லைன் தளம் ஒவ்வொன்றும் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை வைத்து, அவர் பெயரையும் தொடர்பையும் எல்லோரும் பார்க்கிற மாதிரி போட வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாகப் பொருள் வந்தால் திரும்ப வாங்க மாட்டேன் என்று விற்பவன் சொல்ல முடியாது. இதை எழுதி அந்த அலுவலருக்கு ஒரு மெயில், கூடவே 1915-க்கு ஒரு போன். அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். பத்தொன்பதாம் நாள் முழுப் பணமும் வந்தது. நெல் அதற்குள் நனைந்து காய்ந்து போயும் விட்டது, அது வேறு.

அப்படியும் வராமல் போயிருந்தால் தஞ்சாவூர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்பேன். பழைய சட்டத்தில் பெரும்பாலும் எதிராளி இருக்கிற ஊருக்குத்தான் ஓட வேண்டும். 2019 சட்டத்தில் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். உனக்கு என்றால் திருவாரூர். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும். ஆனால் நோட்டீஸ் அனுப்ப எதிராளிக்கு முகவரி வேண்டுமே! அங்கேதான் உன் விஷயம் இடிக்கிறது.

நீ வாட்ஸப்பில் பேசி, யுபிஐ-யில் பணம் போட்டு, அவன் பாலியஸ்டரை அனுப்பிவிட்டு உன்னை பிளாக் செய்துவிட்டான். இதற்கு 1930-தான். பணம் இன்னும் அந்தக் கணக்கில் இருந்தால் அங்கேயே நிறுத்திவைக்கப் பார்ப்பார்கள், பிறகு அது திரும்பக் கிடைக்க வழி உண்டு. முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கூப்பிட்டால்தான் இதற்குப் பலன் அதிகம், ஏனென்றால் பணத்தைக் கணக்கு மாற்றிக் கணக்கு மாற்றி ஓட்டிவிடுவார்கள். உனக்கு ஒன்பது நாள் ஆகிவிட்டது. ஏழாயிரத்து ஐநூறும் வரும் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் புகார் கொடு. அதே கணக்கின் மேல் இன்னும் பத்துப் பேர் கொடுத்திருந்தால் உன்னுடையது பதினொன்றாவது.

கூப்பிடும்போது கையில் இருக்க வேண்டியது: பணம் போன தேதி, நேரம், தொகை, அவனுடைய யுபிஐ முகவரி, அப்புறம் அந்த 12 இலக்கப் பரிவர்த்தனை எண். அவமானத்தில் அந்த உரையாடலை அழித்துவிடாதே. அழித்திருப்பாயோ என்றுதான் எனக்குப் பயம். சேலை வந்த கவரைக் குப்பையில் போட்டிருந்தால் போய் எடு. அதில் ஒட்டியிருக்கும் சீட்டில் அனுப்பியவன் முகவரியும் பார்சல் எண்ணும் இருக்கும். அது உண்மையான முகவரி என்று தெரிந்தால் 1915-உம் திருவாரூரும் உனக்குத் திறந்துவிடும்.

பேங்குக்கும் எழுத்தில் ஒரு புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டோம் என்று எண் வாங்கிக்கொள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஆனால் உன் தம்பி சொன்னதாக எழுதியிருந்தாயே, மூன்று நாளுக்குள் சொன்னால் பேங்க் பணத்தைத் தந்துவிடும் என்று, அது உனக்குப் பொருந்தாது. 2017-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த அந்த ஏற்பாடு, நமக்குத் தெரியாமலே நம் கணக்கிலிருந்து எடுத்தால்தான். நீ உன் கையாலேயே பின் நம்பர் போட்டு அனுப்பியிருக்கிறாய்.

இன்னொன்று படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கஸ்டமர் கேர் நம்பர் என்று இணையத்தில் தேடி எடுத்துப் பேசினாயாம், அவன் "ரீஃபண்டு போடுகிறேன், கியூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்" என்றானாம், அந்த நேரம் பார்த்து உன் போனில் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டதாம். அல்லா காப்பாற்றினார், போ. நமக்குப் பணம் வர வேண்டுமென்றால் பின் நம்பரே தேவையில்லை. பின் நம்பர் கேட்டால் பணம் போகப்போகிறது என்று அர்த்தம். இனி "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், ஃபீஸ் மட்டும் கட்டுங்கள்" என்றும் ஒருவன் வருவான். ஏமாந்தவர்கள் நம்பர் அவர்களுக்குள் கைமாறும் போல. புகார் வாங்குவதற்கு 1930-இல் காசு கேட்க மாட்டார்கள்.

நம் காலத்தில் இப்படிப்பட்டவனை நானூற்றி இருபது என்போம், ஞாபகம் இருக்கிறதா? 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டத்தில் அது 318 ஆகிவிட்டது. திட்டுவதற்குத்தான் நன்றாக இல்லை.

சேலையைக் கோபத்தில் கொளுத்திவிடாதே, அது சாட்சி. வேண்டுமானால் முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரே ஒரு இழையை உருவி நெருப்பில் காட்டு, பேத்தியை விட்டு வீடியோ எடுக்கச் சொல். (பல் முளைக்கிற பேத்தியை அல்ல, பெரியவளை.) பட்டென்றால் முடி கருகுகிற நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். உன்னுடையது உருகி மணி மாதிரி உருண்டு நிற்கும்.

உன் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடு. போன வருஷம் தார்ப்பாய் விஷயத்தை நான் இவரிடம் சொன்னபோது, ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, தான் அதற்கு முந்தின மாதம் ஸ்பிரேயர் வாங்கி ஏமாந்ததைச் சொன்னார்! அவர் புகாரே கொடுக்கவில்லை.

நீ சேலை எடுக்க நினைத்த நிக்காஹ்வுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அடுத்த புதன்கிழமை கும்பகோணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பத்து மணிக்கு வா. திருபுவனத்துக்கே போய், அசல் பட்டு என்று காட்டுகிற சில்க் மார்க் சீட்டு இருக்கிறதா என்று பார்த்து, தொட்டுப் பார்த்து வாங்கலாம். வரும்போது உங்கள் ஊர் தம்ரூட் இனிப்பு அரைக் கிலோ எடுத்துக்கொண்டு வா, இவருக்குத் தெரியாமல் கால் கிலோ தனியாக.

1930-இல் புகார் எண் தருவார்கள். இன்றைக்கு ராத்திரிக்குள் அதை எனக்கு அனுப்பு.

உன்,
வசந்தா