கசப்பா, துவர்ப்பா?

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த சேதி பெரிய சந்தோஷம். அதை இரண்டு வரியில் முடித்துவிட்டு, வீட்டில் காய்ச்சிய பீர் கசக்கிறது என்று இரண்டு பக்கம் புலம்பியிருக்கிறாயே, அது உன்னால்தான் முடியும்!

முதலில் ஒன்று சொல். அது கசப்பா, துவர்ப்பா? அடிநாக்கில் நிற்பது கசப்பு. நாக்கு வறண்டு, ஈறு இழுத்து, தொண்டையைக் கீறினால் அது வேறு சங்கதி. நீ எழுதியதைப் பார்த்தால் இரண்டாவதுதான் என்று படுகிறது. கிளாஸில் ஊற்றும்போது பச்சைத் தூள் சுழல்கிறது என்கிறாயே, அதுதான் தொண்டையைக் கீறுகிறது. டிரை ஹாப்புக்கு, அதாவது ஆறிய பீரில் வாசனைக்காக ஊற, நீ போட்ட ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ) இன்னும் அடியில் அடங்கவில்லை. பாட்டில்களை நிமிர்த்தி ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் வை. மேலாகத் தெளிந்ததை மட்டும் ஊற்று. அதற்குள் கொட்டிவிடாதே.

தெளிந்த பிறகும் கசந்தால், நான் செய்த முட்டாள்தனத்தைத்தான் நீயும் செய்திருப்பாய். ஹாப்ஸில் உள்ள ஆல்ஃபா அமிலம் சூட்டில் உருமாறித்தான் கசப்பைத் தருகிறது. அடுப்பை அணைத்தால் அது நின்றுவிடும் என்று நம்பினேன். 20 லிட்டருக்கு, 12 சதவீத ஆல்ஃபா உள்ள ஹாப்ஸ் 100 கிராமை, வாசனைக்காக, அணைத்த கையோடு கொட்டினேன். அந்த நேரம் பார்த்து ஒரு போன். பேசிவிட்டு வந்தால் அரைமணி ஓடிவிட்டது, பானையில் சூடு இன்னும் 90 டிகிரி. ஆல்ஃபாவில் பத்தில் ஒரு பங்கு உருமாறியிருந்தாலே கசப்பு 60 ஐபியு, அதாவது லிட்டருக்கு 60 மில்லிகிராம்! கசப்புக்கென்று மணிக்கணக்கில் கொதிக்கவிட நான் அளந்து அளந்து போட்டதோ வெறும் 10 கிராம்.

இப்போது 80 டிகிரிக்கு இறக்கிய பிறகுதான் போடுகிறேன். அந்தச் சூட்டில் வாசனை இறங்கும், கசப்பு மெதுவாகத்தான் ஏறும். கொதிக்கும்போது போடுவதை மட்டும் குறைத்துக்கொண்டே போகாதே, முதுகெலும்பில்லாத பீராகிவிடும்.

அப்புறம், காய்ச்சும் தண்ணீரில் நீ போடும் அந்த ஜிப்சம் (கால்சியம் சல்ஃபேட்). உனக்கு அதில் கை தாராளம். சல்ஃபேட் ஏறினால் கசப்பு கூர்மையாகத் தெரியும். அடுத்த முறை பாதியைக் குறைத்து, அந்த இடத்தில் கால்சியம் குளோரைடு போட்டுப் பார். அதே கசப்பு கொஞ்சம் உருண்டையாக இருக்கும்.

டிரை ஹாப் எத்தனை நாள் ஊறியது என்று நீ எழுதவே இல்லை. எனக்கு மூன்று நாளே போதும் என்று தோன்றுகிறது. உன்னைத் தெரியும், பத்து நாள் விட்டிருப்பாய். உண்மையை எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி