ஞாயிறு பாடசாலைச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, போதகர் ஐயா, ஆசிரியர்களே, பெற்றோரே,

நிர்வாகசபை இந்த ஆண்டும் மாதாமாதம் கூடியது. ஓகஸ்டில் மட்டும் கோரம் சேரவில்லை. காசு விவரத்தைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

பிள்ளைகளின் வரவு குறைந்துவிட்டது. சின்ன வகுப்புகளில் இடமில்லாமல் பாய் விரிக்கிறோம்; ஒன்பதாம் தரம் தாண்டியதும் பிள்ளைகளைக் காணவில்லை. காரணம் உங்களுக்கும் தெரியும், ஞாயிறு காலை ரியூசன். சாதாரண தரப் பரீட்சை முடியட்டும், வருவான் என்கிறீர்கள். அப்புறம் உயர்தரம் வந்துவிடுகிறது. ஜூன் கூட்டத்தில் வரவுப் பரிசைக் கூட்டலாம் என்றார் ஒருவர். வராத பிள்ளைகளைக் கிறிஸ்மஸ் ஒளிவிழா நாடகத்தில் சேர்க்கக்கூடாது என்று இன்னொருவர் முன்மொழிந்தார். அந்த இன்னொருவர் நான்தான், பதிவில் இருக்கட்டும்.

அது முடிவாகுமுன் மூத்த வகுப்பைக் கொழும்பு 13க்குக் கூட்டிப் போனோம். முதலில் வுல்ஃபெண்டால் தேவாலயம். 1749இல் ஒல்லாந்தர் கட்டத் தொடங்கி 1757இல் திறந்தது. பிள்ளைகள் கல்லறைக் கற்களில் பெயர்களை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தபோது, எங்கள் ஆசிரியை ஒருவர் (வரலாறு படிப்பித்து ஓய்வுபெற்றவர்) அந்தக் காலத்துக் கதையைச் சொன்னார். ஞானஸ்நானம் பெறாதவனுக்கு அரச உத்தியோகம் இல்லை. பிள்ளைகளின் பெயர்கள் பாடசாலைத் தோம்பில், அதாவது பதிவேட்டில், ஏறும். பிள்ளை வராவிட்டால் பெற்றோருக்குத் தண்டம். தோம்பைப் பார்த்தால் நாடே கிறிஸ்தவ நாடு. 1796இல் கொழும்பு ஆங்கிலேயர் கைக்குப் போய் அந்தக் கட்டாயம் தளர்ந்ததும், தோம்பில் இருந்தவர்களில் பெரும்பகுதியினர் சில வருஷங்களிலேயே பழைய வழிபாட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

அதே ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் தடைசெய்திருந்தார்கள். 1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகள் ஏழைக் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தபோது, அங்கே ஏறக்குறைய முப்பது வருஷமாகக் குருவானவர் இல்லை. ஆனாலும் வீடுகளுக்குள் ஜெபம் இருந்தது. பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் காலிமுகத்திடலில் புனிதராக அறிவித்தது இந்த வாஸ் அடிகளைத்தான்.

“அப்ப எங்கட பதிவேடும் தோம்புதானே, அங்கிள்?” என்று ஒரு பொடியன் கேட்டான். பதிவேடு என் கக்கத்தில் இருந்தது. நான் பதில் சொல்லவில்லை.

கடைசியாகக் கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அன்று இங்கே குண்டு வெடித்தபோது இவர்கள் சின்னப் பிள்ளைகள். அதே காலையில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலை முடித்து வெளியே நின்ற பிள்ளைகள் என்பது இவர்களுக்குத் தெரியும். யாரும் விளக்கம் சொல்ல முயலவில்லை. மெழுகுதிரி ஏற்றினார்கள், சும்மா நின்றார்கள். புரட்டஸ்தாந்துப் பிள்ளைகள் அங்கே மெழுகுதிரி ஏற்றலாமா என்று பிறகு ஒரு கடிதம் வந்தது. இறந்தவர்களை நினைத்து ஏற்றினார்கள் என்று பதில் அனுப்பியிருக்கிறோம்.

ஜூலைக் கூட்டத்தில் என் முன்மொழிவை நானே மீளப்பெற்றேன். வரவுப் பரிசும் நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக வீடுகளுக்குப் போகத் தொடங்கினோம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மாடிவீடுகளில் லிஃப்ட் வேலைசெய்யாத நாட்களில் இது லேசான ஊழியம் அல்ல. பல வீடுகளில் ஒரே கதைதான்: “அப்பம்மா இருக்குமட்டும் இரவில ஜெபம் இருந்தது. அவ போனபிறகு நிண்டு போச்சு.” தீமோத்தேயுவின் விசுவாசமும் லோவிசாள் பாட்டியிலிருந்து தாய் ஐனிக்கேயாள் வழியாக வந்ததாகத்தான் பவுல் எழுதுகிறார். நம் வீடுகளிலோ பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவே இருக்கும் நாங்கள்தான் கழன்றுவிட்டோம். ரியூசனைத் திட்டுவது சுலபம். என் வீட்டிலும் சாப்பாட்டு மேசை ஜெபத்தைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.

இப்போது ஒவ்வொரு வாரமும் மனன வசனத்தோடு ஒரு கேள்வியும் வீட்டுக்குப் போகிறது. அதைப் பிள்ளை பெற்றோரிடம் கேட்க வேண்டும். “நீங்கள் கடைசியாக எப்போது பயந்து ஜெபித்தீர்கள்?” என்ற கேள்விக்குத் தகப்பன்மார் தந்த பதில்களை இங்கே வாசிக்க முடியாது. சில வீடுகளில் இது நடக்கிறது, சில வீடுகளில் தாள் பைக்குள்ளேயே கிடக்கிறது.

ஒளிவிழாவில் ஒரு மனஸ்தாபம். ஆங்கில மொழிமூலப் பிள்ளைகளுக்குக் கீர்த்தனைகளை ஆங்கில எழுத்தில் அடித்துக் கொடுத்தோம். மூத்தவர்கள் சிலருக்குக் கோபம். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. தமிழை வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அப்பம்மாவின் வேதாகமம் வெறும் கறுப்பு அட்டைதான். சரி, அந்த மூத்தவர்களையே சனி மாலைகளில் எழுத்துப் படிப்பிக்கக் கேட்டோம். இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். மற்றவர்களை எதிர்பார்க்கிறோம்.

மூத்த வகுப்புக்கு ஆசிரியர் ஒருவர் உடனே தேவை. ரியூசன் போகும் பிள்ளைகளுக்காக அந்த வகுப்பை ஞாயிறு மாலைக்கு மாற்றுவது பற்றி இன்று வாக்கெடுப்பு உண்டு. பதிவேடு அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. புதிய செயலாளரிடம் சாவியைக் கொடுத்துவிடுகிறேன்.

செயலாளர்