நண்பர்களுக்குக் கணக்குச் சொல்லித்தரும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

பள்ளி முடிந்து வந்ததும் சைதாப்பேட்டை வீட்டு மொட்டை மாடியில் நண்பர்கள் நால்வருக்குப் பிளஸ் டூ கணக்குச் சொல்லித்தருவதாகவும், அரையாண்டுத் தேர்வு நெருங்குவதால் அதை நிறுத்தும்படி அம்மா சொல்வதாகவும் எழுதியிருந்தாய். நிறுத்த வேண்டாம் என்பதே என் பதில். ஆனால் இப்போது செய்துவரும் முறையில் தொடரவும் வேண்டாம். உன்னைப் போல நண்பர்களுக்கு உதவும் பிள்ளைகள் இந்த ஊரில் பலர் இருப்பதால், அவர்களும் படிக்கட்டும் என்று இதைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

அம்மாவின் கவலையில் நியாயம் இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வுக்கான 200 மதிப்பெண் கட் ஆஃபில் இயற்பியலும் வேதியியலும் 50, 50 ஆகச் சுருங்கிவிட, கணிதம் மட்டும் முழு 100 ஆக நிற்கிறது. கணிதத்தில் போகும் ஒரு மதிப்பெண் வேதியியலில் போகும் இரண்டு மதிப்பெண்ணுக்குச் சமம் என்று தெரிந்த எந்தத் தாயும், மகனின் மாலை நேரம் பிறருக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். ஆனால் அந்தத் தரவரிசை மாநிலம் முழுவதற்கும் சேர்த்துப் போடப்படுவது. மாடியில் உட்கார்ந்திருக்கும் நால்வர் முன்னேறுவதால் உன் இடம் பறிபோய்விடாது. சரியான முறையில் சொல்லித்தந்தால் அந்த நேரம் உன் படிப்புக்கான நேரமாகவே ஆகிவிடும் என்பதை அம்மாவிடம் எடுத்துச் சொல்.

வினாத்தாளின் அமைப்பை நீ அறிவாய். எழுத்துத் தேர்வின் 90 மதிப்பெண்ணில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 20. இரண்டு மதிப்பெண் பகுதியிலும் மூன்று மதிப்பெண் பகுதியிலும் பத்துக்கு ஏழு எழுதவேண்டும். அவை ஒவ்வொன்றிலும் ஒரு வினா கட்டாயம். ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஏழும் 'அல்லது' கொடுத்து வருபவை. 2018 வரை 200 மதிப்பெண்ணுக்கு நடந்த பழைய தேர்வில், பத்து மதிப்பெண் வினாக்களைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்து, கணக்கு ஏன் அப்படிப் போகிறது என்று தெரியாமலேயே நல்ல மதிப்பெண் வாங்கிய மாணவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இப்போதைய தாளில் அந்த வழி முழுக்க அடைபடவில்லை என்றாலும் மிகவும் குறுகிவிட்டது. உன் நண்பர்களோ இன்னும் அந்தப் பழைய வழியிலேயே உன்னிடம் உதவி கேட்கிறார்கள். நீயும் நோட்டுப் பக்கத்தைச் செல்பேசியில் படம் எடுத்து அனுப்பிவிடுகிறாய். அவர்கள் அதைப் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். நான் மாற்றச் சொல்வது இதைத்தான்.

நீ குறிப்பிட்ட கணக்கையே எடுத்துக்கொள்வோம். வகைக்கெழுச் சமன்பாடுகள் பாடத்தில் வரும் தொட்டிக் கணக்கு அது. 1000 லிட்டர் நீரில் 100 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. லிட்டருக்கு 5 கிராம் உப்புள்ள கரைசல் நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் உள்ளே வருகிறது. நன்கு கலந்த கரைசல் அதே வேகத்தில் வெளியேறுகிறது. எந்த நேரத்திலும் தொட்டியில் உள்ள உப்பின் அளவைக் காணவேண்டும். உன் நண்பன் உள்ளே வருவது நிமிடத்துக்கு 50 கிராம் என்று சரியாக எழுதியிருக்கிறான். வெளியேறுவதை 1 கிராம் என்று போட்டு, உப்பு நிமிடத்துக்கு 49 கிராம் வீதம் ஏறுகிறது என்று முடித்துவிட்டான். நீ அதை அடித்துவிட்டு முழுக் கணக்கையும் போட்டுக் கொடுத்திருக்கிறாய். உன் விடை சரிதான். ஆனால் அந்த 1 கிராம் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று நீ கேட்கவே இல்லை.

அவன் யோசிக்காமல் எழுதிய எண் அன்று அது. தொடக்கத்தில் லிட்டருக்கு 0.1 கிராம் உப்பு இருப்பதால் 10 லிட்டரில் 1 கிராம் என்று முறையாகவே கணக்கிட்டிருக்கிறான். அந்த அளவு நேரத்தோடு மாறிக்கொண்டே போகும் என்ற ஒன்றைத்தான் அவன் காணவில்லை. அவனிடம் நீ கேட்டிருக்கவேண்டிய கேள்விகள் இரண்டே. உன் கணக்குப்படி ஒரு நிமிடம் கழித்துத் தொட்டியில் எத்தனை கிராம் உப்பு இருக்கும்? அவன் 149 என்பான். அப்போதும் வெளியேறுவது 1 கிராம்தானா? இந்த இரண்டாவது கேள்விக்கு அவனே சற்று நேரம் பேசாமல் தாளைப் பார்ப்பான்; பார்க்க விடு, நடுவில் நுழையாதே. தொட்டியில் இருக்கும் உப்பை ஒரு மாறியாக வைத்து, அதில் நூறில் ஒரு பங்கு நிமிடந்தோறும் வெளியேறுகிறது என்று தன் கையாலேயே எழுதிவிட்டானானால், மாறிகளைப் பிரித்துத் தொகையிடுவது அவனுக்குத் தெரிந்த வேலைதான். முடிந்த பிறகு இன்னொன்றையும் கேள்: வெகு நேரம் ஓடவிட்டால் தொட்டியில் எவ்வளவு உப்பு இருக்கும்? சரியான விடை 5000 கிராமை நெருங்கிக்கொண்டே போகும். அவனுடைய முதல் விடையோ எல்லையில்லாமல் ஏறும். லிட்டருக்கு 5 கிராம் உப்புள்ள கரைசலை எவ்வளவு ஊற்றினாலும் தொட்டி அதைவிடக் கரிக்காது என்பதை அவன் ஒருமுறை உணர்ந்துவிட்டால், தேர்வறையில் தன் விடையைத் தானே சோதித்துக்கொள்ள அவனுக்கு ஒரு வழி கிடைத்துவிடும். நீ அனுப்பிய படத்தில் இது எதுவும் இல்லை.

ஆகவே பேனா எப்போதும் கேட்பவர் கையில் இருக்கட்டும். அவர்கள் எழுதியதை நின்ற இடம் வரை படித்துவிட்டுப் பிறகு பேசு. எதுவும் எழுதாமல் வருபவரிடம், கொடுக்கப்பட்டவை எவை, கேட்கப்பட்டது எது என்று அவரையே எழுதச் சொல். வெக்டர் கணக்கிலும் பரவளையப் பாலக் கணக்கிலும் பாதித் தடை அங்கேயே விலகிவிடும்.

நேர்மாறு முக்கோணவியலிலும் இப்படித்தான். சைன் 150 பாகையின் சைன் நேர்மாறு என்ன என்ற ஒரு மதிப்பெண் வினாவுக்கு 150 என்று குறிப்பவர்கள் உன் கூட்டத்திலும் இருப்பார்கள். 'விடை 30, குறித்துக்கொள்' என்று சொல்லிவிட்டால் கோணம் மாறியதும் மறுபடி தவறுவார்கள். சைன் நேர்மாறு எந்த இடைவெளியிலிருந்து விடை தரும் என்று கேள். -90 முதல் 90 பாகை வரை என்பது அவர்கள் வாயிலிருந்து வரட்டும்.

இதில் உனக்கு வரும் நன்மை சிறியதன்று. உன் விடைத்தாள்களில் நான் கண்ட ஒரே குறை, படிகளைத் தாண்டிச் செல்வது. மனத்தில் போட்டு முடித்த இரண்டு வரிகளை நீ தாளில் எழுதுவதில்லை. கடைசி விடையில் ஒரு குறி தவறினால் திருத்துபவர் ஸ்டெப் மார்க் போட நினைத்தாலும் அங்கே படி இருக்காது. 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்த இராமானுஜனுக்கு, அங்கே உயர் பொறுப்பில் இருந்த நாராயண ஐயர் கணிதத் தோழராகவும் அமைந்தார். மாலை வேளைகளில் திருவல்லிக்கேணியில் இருவரும் சிலேட்டுகளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். இராமானுஜன் தாவிச் சென்ற இடங்களில் இடைப்படிகளை எழுதும்படி வற்புறுத்தியவர் நாராயண ஐயர். பிறருக்குப் புரியும்படி எழுதவேண்டும் என்ற தேவை அந்த மேதைக்கே இருந்தது என்றால், 'இது எப்படி வந்தது?' என்று ஒவ்வொரு வரியிலும் கேட்கும் நண்பர்கள் உனக்கு வாய்த்தது எவ்வளவு நல்லது என்று எண்ணிப் பார். என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு எந்த இடம் கடினம் என்பது பழக்கத்தில் மறந்துபோய்விடும். சென்ற வாரம் கற்றுக்கொண்ட உனக்கு அது இன்னும் நினைவிருக்கும்.

முக்கிய வினாக்கள் என்று சுற்றிவரும் பட்டியல்களைக் கூட்டத்துக்குள் விடாதே. பாடநூலின் எடுத்துக்காட்டுகளையும் பயிற்சிகளையும் ஐவரும் பிரித்துக்கொண்டு போட்டு, ஒருவர் நோட்டை மற்றவர் திருத்துவது அதைவிட நல்ல வேலை. மாடியில் இடம் போதவில்லை என்றால் சனிக்கிழமைகளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போகலாம். சொந்த நூல்களைக் கொண்டுபோய்ப் படிக்க அங்கே தனிப் பிரிவு உண்டு. பேசிப் படிக்க வேண்டியதை மட்டும் வெளியே வந்து பேசிக்கொள்ளுங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் யாருக்கும் சொல்லித்தருவதில்லை என்று நீயே வரையறுத்துக்கொள். அம்மாவுக்கும் அது நிம்மதி தரும்.

கடைசியாக, கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்ட அந்த ஐந்தாவது நண்பனைப் பற்றி. அவனுக்கு ஆர்வம் இல்லை என்று எழுதியிருந்தாய். காலாண்டில் வாங்கிய மதிப்பெண்ணோடு உங்கள் நடுவில் உட்காரக் கூசுகிறான் என்றே நான் நினைக்கிறேன். அவனை மாடிக்கு அழைக்காதே. நீ அவன் வீட்டுக்குப் போ, தனியாகப் போ. தனிநிலைக் கணிதத்தில் மெய்மை அட்டவணையிலிருந்து தொடங்கு. முந்தைய பாடம் எதுவும் தெரியாமலேயே அதை அவனால் போட முடியும். அதை முடித்துவிட்டால் அடுத்து அணிகள். அங்கே அவன் எந்த இடத்தில் நிற்கிறான் என்று எனக்கு எழுது. அதற்கேற்ற கணக்குகளை நான் எடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் கணித ஆசிரியர்