ஹலோவீனுக்கு முதல் மகளுக்கு எழுதினது

பிள்ளை,

போன்ல கதைக்கேக்க பாதிதான் சொல்லுறன், மிச்சம் விடுபட்டுப் போகுது, அதுதான் எழுதுறன். நேற்று அப்பாவும் நானும் இஞ்சை டொரண்டோவில ரூஜ் பார்க்குக்குப் போனனாங்கள். விஸ்டா ட்ரெயிலால ஏறி அந்தப் பலகை மேடையில நிண்டு பாத்தா, என்ன வடிவு! மேப்பிள் பாதி கொட்டிட்டுது, இப்ப ஓக்கின்ர முறை, செம்பு நிறத்தில நிக்குது. மஞ்சள் நிறம் கோடை முழுக்க இலைக்குள்ளதானாம் இருக்கிறது, பச்சை கரைஞ்சாப் பிறகுதான் எங்கட கண்ணுக்குத் தெரியுது. சிவப்பு அப்பிடியில்லை, பகல் வெயிலும் இரவுக் குளிருமா வாற நாளுகளில இலைக்குள்ள கிடக்கிற சீனியை வைச்சு மரம் புதுசாச் செய்யிறது. கொட்டப்போற இலைக்கு இவ்வளவு செலவழிக்குது பாரன்.

உங்கை கல்கரியில ஆஸ்பென் மரத்தின்ர மஞ்சள் எப்பவோ முடிஞ்சிருக்கும். அடுத்த வருசம் செப்டெம்பர் கடைசியில லீவு எடு, நாங்கள் வாறம், பான்ஃப் பக்கம் லார்ச் மரத்தைப் பாக்க வேணும். ஊசியிலை மரம் மஞ்சளாகி இலை கொட்டுறதை நான் இன்னும் கண்ணால காணேல்லை.

வரேக்க ஹைலண்ட் க்ரீக் ஆத்தடியிலயும் இறங்கினனாங்கள். சால்மன் ஏறுற காலம் முடியப்போகுது, ஆனா கல்லுகளுக்கு இடையில ரெண்டு மூண்டு பெரிய சினூக் சால்மன் தோல் கிழிஞ்சு வெள்ளையாப் போய் இன்னும் எதிர்த் தண்ணியில நிக்குதுகள், முட்டை விட்டாப் பிறகு அதுகள் உயிரோட ஒண்டாரியோ ஏரிக்குத் திரும்புறதில்லை. முந்தி இந்த ஏரியில இருந்த அட்லாண்டிக் சால்மன் 1800களின்ர கடைசியில அழிஞ்சு போட்டுது, இப்ப வாற இதுகள் பசிபிக் பக்கத்துச் சாதி, மனுசர் கொண்டுவந்து விட்டது. பாக்க எனக்கு நெஞ்சு என்னவோ செய்தது, அப்பா கூப்பிடக் கூப்பிட நிண்டனான்.

இனி முக்கியமான விசயம். நீ அனுப்பின படத்தில புது வீட்டு வாசல் நல்ல வடிவா இருக்கு, ஆனா ஹலோவீன் அலங்காரமெண்டு அந்தச் செடியில இழுத்துக் கட்டின பஞ்சுச் சிலந்தி வலையை இண்டைக்கே கழட்டு குஞ்சு. மெல்லிய நூல், இருட்டில தெரியாது, சின்னக் குருவி, வௌவால், ஏன் ஆந்தை கூட அதுக்க சிக்குப்பட்டு செட்டை முறிஞ்சு போகும். இப்பதான் வடக்கில இருந்து ஜங்கோ குருவியள் கூட்டமா இறங்கி செடிக்குக் கீழ விதை பொறுக்கிற நேரம். வலை வேணுமெண்டா ஜன்னலுக்கு உள்பக்கம் கட்டு, ரோட்டில வாற பிள்ளையளுக்கு அதுவும் தெரியும்.

இலையையும் முழுக்க வாரி பேக்கில கட்டி வைக்காத. புல்லுக்கு மேல கிடக்கிறதைக் கூட்டி பூச்செடிக்குக் கீழ தள்ளி விட்டாக் காணும். இஞ்சை ட்ரெயிலில ரெண்டு முனையும் கறுப்பு, நடுவில செங்கல் நிறத்தில ஒரு மயிர்க்கொட்டி அவசரமாப் போய்க்கொண்டிருந்தது, அது உந்தச் சருகுக்குக் கீழதான் உறைஞ்சு போய்க் கிடந்து பனிக்காலத்தைக் கடத்தி, வசந்தத்தில கூடு கட்டி அந்துப்பூச்சியா வெளியில வரும். எனக்கு உந்த மயிர்க்கொட்டியைக் கண்டாலே ஒரு சந்தோசம்.

பம்ப்கினுக்கு பெயிண்ட் அடிக்காத, ப்ளீச்சும் பூசாத, அணில் கடிக்கும். கடிச்சாக் கடிக்கட்டும், அதை ஏசாத. எங்கட வாசல் பம்ப்கினை கறுத்த அணில் ஒண்டு ஒரு பக்கம் ஓட்டை போட்டிட்டுது, விதையெல்லாம் எடுத்து புல்லுக்க புதைக்குது, அப்பா ஜன்னலடியில கதிரை போட்டிருந்து பாக்கிறார்.

பொழுதுபட கார் ஓடேக்க மெதுவாப் போ. ஒக்டோபர், நவம்பர் மான் இணை தேடித் திரியிற காலம், கண் மண் தெரியாமல் ரோட்டுக்குக் குறுக்க பாயும், ஒண்டு போட்டுது எண்டு நினைச்சு காலை அமத்தாத, பின்னால இன்னொண்டு வரும்.

சனிக்கிழமை எடு, அப்பாவும் நிப்பார்.

அம்மா