அட்டவணை வேண்டாமே!

ஆசிரியருக்கு,

வணக்கம். போன இதழின் ஸ்பானிஷ் பாடத்தில் ரிஃப்ளெக்சிவ் வினைகளின் (செய்தவரையே திரும்பிச் சேரும் வினைகளின்) இறந்தகாலத்துக்கென்று அரைப் பக்கத்துக்கு ஓர் அட்டவணை போட்டு, மனப்பாடம் செய்யவும் சொல்லியிருந்தீர்கள். அது தேவையே இல்லை. 'லெவான்தார்' (தூக்குதல்) என்ற சாதாரண வினையின் இறந்தகாலம் தெரிந்தவருக்கு 'லெவான்தார்சே' (எழுந்திருத்தல்) புதுப் பாடமல்ல. நிகழ்காலத்தில் வந்த அதே மே, தே, சே, நோஸ், ஓஸ், சே என்ற சிறு சொற்கள் ஆளுக்கேற்றபடி (நான் என்றால் மே, நீ என்றால் தே, இப்படி) வினைக்கு முன்னால் வரும், அவ்வளவுதான். மே லெவான்தே என்றால் எழுந்தேன், சே லெவான்தோ என்றால் எழுந்தாள். லத்தீன் அமெரிக்கர்களோடு பேசத்தான் படிக்கிறீர்கள் என்றால் 'நீங்கள்' என்பதற்கு வரும் 'ஓஸ்' கூட வேண்டாம். அது ஸ்பெயின்காரர்கள் பேச்சில் வருவது.

இடறுகிற இடம் வேறு. 'ஈர்' என்று முடியும் சில வினைகளில் படர்க்கையில் மட்டும் உயிரெழுத்து மாறிவிடும். உடுத்தினேன் என்பதற்கு மே வெஸ்தீ. உடுத்தினான் என்றால் சே விஸ்தியோ. தூங்கிப்போனேன், மே தோர்மீ. தூங்கிப்போனான், சே துர்மியோ. இதைப் பாடத்தின் கடைசியில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள்.

இன்னொன்று. 'நேற்று ஆறு மணிக்கு எழுந்தேன்' என்பதற்கு மே லெவான்தே சரி. 'சின்ன வயதில் ஆறு மணிக்கெல்லாம் எழுந்துவிடுவேன்' என்பதற்கும் அதையே போட்டிருக்கிறீர்கள். அங்கே 'மே லெவான்தாபா' என்றுதான் வர வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவத்தைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்பதால், அதன் வழியாக ஸ்பானிஷ் படிப்பவர்கள் இதில் அடிக்கடி தடுமாறுகிறார்கள். நமக்கு அந்தக் குழப்பம் வர வேண்டியதே இல்லை. பழைய வழக்கத்தைச் சொல்லும்போது நாமும் எழுந்தேன், எழுவேன் என்று வினையை மாற்றித்தானே பேசுகிறோம்! தமிழில் பாடம் எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தம்தான்.

அப்புறம், எல்லா 'சே'க்கும் 'தன்னைத்தானே' என்று பொருள் போட வேண்டுமா? 'தன்னைத்தானே எழுப்பினாள்' என்று யார் பேசுகிறார்கள்? எழுந்தாள் என்றே போடலாம். உடுத்திக்கொண்டான், வெட்டிக்கொண்டான் என்று 'கொள்' சேர்கிற இடங்களில் அதைச் சேர்த்தால் போதும்.

அடுத்த பாடத்தில் அழுத்தம் விழும் எழுத்தையாவது தடித்த எழுத்தில் அச்சிடுங்கள். லெவான்தோவில் கடைசி அசையை அழுத்தாவிட்டால் அது நிகழ்காலம்போலக் கேட்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தஞ்சாவூர்.