முதல் கப்பல் பயணத்துக்குக் கிளம்பும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொகுசுக் கப்பல் பயணம் பற்றி வரும் கட்டுரைகளிலும் விளம்பரங்களிலும் நீச்சல் குளம் இருக்கிறது, விருந்து மேசை இருக்கிறது, சூரிய அஸ்தமனம் இருக்கிறது. முதல் தடவை போகிறவர்கள் சிக்கிக்கொள்வதோ விசாவிலும் கடிகாரத்திலும் கைப்பேசிக் கட்டணத்திலும்தான். கிளம்புவதற்கு முன்பே தெரிந்திருந்தால் இவற்றில் பெரும்பாலானவற்றைத் தவிர்த்துவிடலாம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பாஸ்போர்ட்டிலிருந்து தொடங்குகிறேன். பயணம் முடிந்த பிறகும் அது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகளும் கப்பல் நிறுவனங்களும் கேட்கின்றன. முன்பதிவில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். விசா விஷயத்தில்தான் பலர் தவறுகிறார்கள். ஏறும் நாட்டுக்கு மட்டும் விசா எடுத்தால் போதாது. கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டின் விதியையும் பார்க்க வேண்டும். “அந்த ஊரில் நான் இறங்கப் போவதில்லை, கப்பலிலேயே இருந்துவிடுகிறேன்” என்று சொன்னாலும் விசா இல்லாதவரை ஏற்ற மறுக்கும் நிறுவனங்கள் உண்டு. கப்பல் ஒரு துறைமுகத்துக்குள் வரும்போது அதில் உள்ள எல்லோருடைய பட்டியலும் அந்த நாட்டுக் குடியேற்ற அதிகாரிகளிடம் போகிறது. இறங்குகிறவர், இறங்காதவர் என்ற பிரிவு அதில் இருப்பதில்லை. இன்னொரு பள்ளம், ஒருமுறை நுழைவு விசா. பார்சிலோனாவில் ஏறி, நடுவில் ஒரு துருக்கித் துறைமுகத்தைத் தொட்டு, மறுபடி பார்சிலோனாவுக்கே திரும்பும் பயணத்தில் நீங்கள் ஷெங்கன் (ஒரே விசாவில் செல்லக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) எல்லையை விட்டு வெளியே போய் இரண்டாம் முறை உள்ளே வருகிறீர்கள். அதற்குப் பலமுறை நுழைவு விசா வேண்டும். விண்ணப்பிக்கும்போதே கப்பலின் முழுப் பயண அட்டவணையையும் இணைத்து அதைக் கேட்டு வாங்குங்கள்.

விமானத்தில் போய்க் கப்பல் ஏறுகிறவர்கள் முந்தைய நாளே துறைமுக நகரத்துக்குப் போய்ச் சேர்வது நல்லது. புறப்பாட்டு நேரத்துக்கு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் முன்பே ஏறுவது முடிந்துவிடும். விமானம் தாமதம் என்று தனியாக டிக்கெட் எடுத்த பயணிக்காகக் கப்பல் நிற்காது. விட்டால் அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் போய்ப் பிடிக்க வேண்டும், அதற்கும் விசா இருந்தால்தான் முடியும். ஒரு நாள் விடுதி வாடகை இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

கேபின் தேர்வில் விலையை மட்டும் பார்க்க வேண்டாம். கப்பலைச் சீசா பலகை போல நினைத்துக்கொள்ளுங்கள்: நடுவில் அசைவு குறைவு, முனைகளில் அதிகம். உயரம் கூடக்கூடப் பக்கவாட்டு ஆட்டமும் கூடும். ஆக, குமட்டல் வரும் என்று பயப்படுகிறவருக்கு நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் உள்ள கேபினே சரி. “எங்கள் கப்பலில் ஸ்டெபிலைசர் இருக்கிறது, ஆட்டமே தெரியாது” என்று முகவர் சொல்வதில் பாதிதான் உண்மை. அடிப்பக்கத்தில் இறக்கை போல நீளும் அந்த அமைப்பு பக்கவாட்டில் சாய்ந்தாடுவதைக் குறைக்கும். மூக்கு ஏறி இறங்குவதை அது தடுக்காது. முன்முனைக் கேபின்காரர்களுக்கு அதனால் பெரிய பலன் கிடையாது.

தள வரைபடத்தைத் திறந்து உங்கள் கேபினுக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலே நீச்சல் குளத் தளம் என்றால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் வரும். கீழே அரங்கமோ நடனக் கூடமோ இருந்தால் நள்ளிரவு வரை இசை. மேலும் கீழும் கேபின்களே இருக்கும் தளம்தான் நிம்மதி. முன்முனையில் இன்னொரு தொந்தரவும் உண்டு: அதிகாலையில் துறைமுகத்தை நெருங்கும்போது நங்கூரச் சங்கிலியும், கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் திரஸ்டர்களும் படுக்கையையே அதிர வைக்கும். ஜன்னல் கேபின் மலிவாகக் கிடைத்தால், பார்வையை உயிர்காப்புப் படகு மறைக்கிறதா என்று கேளுங்கள். “எண் பிறகு ஒதுக்கப்படும்” என்ற குறைந்த கட்டணத்தில் இடம் உங்கள் தேர்வில் இருக்காது. குடும்பத்தோடு போகிறவர்கள் அதை எடுத்தால் கேபின்கள் வெவ்வேறு தளங்களில் விழக்கூடும்.

குமட்டல் மருந்தில் எல்லோரும் செய்யும் தவறு, வாந்தி வந்த பிறகு மாத்திரை தேடுவது. அந்த நேரத்தில் விழுங்கியது வயிற்றில் தங்காது. மெக்லிசின், சின்னரிசின், டைமென்ஹைட்ரினேட் போன்றவற்றை ஆட்டம் தொடங்கும் முன்பே எடுத்துக்கொள்ள வேண்டும். இவை தூக்கம் வரவழைக்கும், மதுவோடு சேரவே கூடாது. காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபலமின் பட்டையைக் குறைந்தது நான்கு மணி நேரம் முன்பே ஒட்ட வேண்டும். மூன்று நாள் வேலை செய்யும். ஒட்டிய கையைக் கழுவாமல் கண்ணைத் தொட்டால் கண்மணி விரிந்து பார்வை மங்கும். கண் அழுத்தம் உள்ளவர்களும் சிறுநீர் இறங்குவதில் சிரமம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. மருந்து தவிர, திறந்த தளத்துக்குப் போய்த் தொடுவானத்தைப் பார்ப்பது உதவும். கேபினுக்குள் படுத்துக் கைப்பேசி பார்ப்பது நிலைமையை மோசமாக்கும். வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது.

ஏறும் நாளில் பெரிய பெட்டிகளைத் துறைமுகத்தில் ஒப்படைத்துவிடுவீர்கள். அவை கேபின் வாசலுக்கு வந்து சேர மாலை ஆகலாம், சில சமயம் இரவும் ஆகும். ஆகவே பாஸ்போர்ட், ஏறும் சீட்டு, மருந்து, கண்ணாடி, சார்ஜர், நகை, ஒரு மாற்றுடை இவை கைப்பையில்தான் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டைப் பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டுச் சோதனை வரிசையில் தவிப்பவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான பெட்டிகளில் ஒன்றைத் தேடி எடுப்பது யாருக்கும் எளிதல்ல.

பெட்டியில் இஸ்திரிப் பெட்டி, மின்கெட்டில், மெழுகுவர்த்தி வைத்தால் ஸ்கேனிலேயே எடுத்துவிடுவார்கள். நடுக்கடலில் தீயைப் போல் பயங்கரம் வேறில்லை. வெளியே ஓடி நிற்க இடம் கிடையாது. சர்ஜ் பாதுகாப்பு (திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் அமைப்பு) உள்ள எக்ஸ்டென்ஷன் கார்டும் கூடாது. கப்பலின் மின்னிணைப்பு வீட்டில் இருப்பது போல் தரையோடு இணைந்ததல்ல. அந்த அமைப்பில் சர்ஜ் பாதுகாப்பான் சூடேறித் தீப்பிடிக்கலாம். சில நிறுவனங்கள் எக்ஸ்டென்ஷன் கார்டு எதையுமே அனுமதிப்பதில்லை. பல கேபின்களில் பிளக் பாயின்ட் ஒன்றிரண்டுதான் இருக்கும் என்பதால், கம்பி இல்லாத, பல துளை கொண்ட யூஎஸ்பி சார்ஜர் ஒன்று போதும். கேபின் சுவர்கள் பெரும்பாலும் எஃகு. காந்தக் கொக்கி நான்கு கொண்டுபோனால் தொப்பி, பை, ஈரத்துணி மாட்டலாம். ஜன்னல் இல்லாத கேபினில் விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. குளியலறை வாசற்படியும் சற்று உயர்ந்திருக்கும். முதியவர்களுக்கு பேட்டரியில் எரியும் சின்ன இரவு விளக்கு அவசியம்.

இனி, நான் மிக முக்கியமாகக் கருதும் விஷயம்: பாதுகாப்புப் பயிற்சி. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜில்லியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய பயணிகளுக்கு அதுவரை பயிற்சி நடக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அப்போதைய விதி. 2015 ஜனவரி 1 முதல், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று சர்வதேச விதி மாறியது. இப்போது பல கப்பல்களில் திரையில் காணொலி பார்த்துவிட்டு, அபாய நேரத்தில் நீங்கள் வந்து நிற்க வேண்டிய கூடுமிடத்துக்கு நேரில் போய்ப் பதிவு செய்தால் முடிந்தது. அந்த இடத்தின் எழுத்தோ எண்ணோ கேபின் அட்டையிலேயே அச்சாகியிருக்கும். ஏழு அல்லது அதற்கு மேல் குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி: அதுதான் பொது அபாய அறிவிப்பு. கேட்டால் லிஃப்டில் ஏறாதீர்கள், படிக்கட்டில் போங்கள். முதல் நாளே கேபினிலிருந்து கூடுமிடம் வரை ஒருமுறை படியில் நடந்து பாருங்கள். குழந்தைகளுக்கு அவர்கள் அளவு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேபின் பணியாளரிடம் அப்போதே கேளுங்கள்.

கப்பல் கரையை விட்டு விலகும் முன் கைப்பேசியை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நடுக்கடலில் கைப்பேசி கப்பலின் சொந்தச் செயற்கைக்கோள் வலையமைப்பைத் தானாகப் பிடித்துக்கொள்ளும். சாதாரண ரோமிங் திட்டங்களில் பெரும்பாலும் அது அடங்காது, கட்டணமோ பல மடங்கு. நீங்கள் தொடாமலே பின்னணியில் ஓடும் செயலிகள் பில்லை ஏற்றிவிடும். வைஃபை வேண்டுமென்றால் கப்பலில் தனியாக வாங்கிக்கொண்டு, ஏரோபிளேன் மோடை விடாமலே இணையுங்கள்.

கப்பலுக்குள் ரொக்கம் பெரும்பாலும் செல்லாது. எல்லாம் கேபின் அட்டையில் பதிவாகி, நீங்கள் கொடுத்த கார்டில் கழியும். டெபிட் கார்டு கொடுத்தால் செலவு செய்யாத தொகையும் முன்பிடிப்பாக முடங்கும். அது விடுபடப் பல நாள் ஆகலாம், எனவே கிரெடிட் கார்டே நல்லது. டிக்கெட் விலையில் பொதுவாகக் கேபினும் முக்கிய உணவகங்களும் நிகழ்ச்சிகளும் அடங்கும். குளிர்பானம், மது, சிறப்பு உணவகம், வைஃபை, கரைச் சுற்றுலா இவை பெரும்பாலும் தனி. ஊழியர்களுக்கான தினசரி அன்பளிப்புத் தொகை ஆளுக்கு இவ்வளவு என்று பல நிறுவனங்களில் தானாகவே சேர்ந்துவிடும். விளம்பரத்தில் தொடக்க விலையைப் பெரிய எழுத்தில் போடுகிறவர்கள் இந்தப் பட்டியலையும் அதே எழுத்தில் போட வேண்டும்; நாளிதழ்களும் அதைக் கேட்டு வாங்கி வெளியிடலாம். பயணி செய்யக் கூடியது, இரண்டு நாளுக்கு ஒருமுறை கணக்கைப் பார்ப்பது. கடைசி நாள் காலையில் தவறைக் கண்டுபிடித்தால் வரிசை நீளமாக இருக்கும்.

கரையில் இறங்கும் நாட்களில் கப்பல் நேரமும் ஊர் நேரமும் வேறாக இருக்கலாம். கைப்பேசி ஊர் நேரத்துக்குத் தானாக மாறிவிடும். கப்பலோ தன் நேரப்படி கிளம்பும். சாதாரணக் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்துக் கட்டிக்கொண்டு போங்கள். “எல்லோரும் ஏறவேண்டிய நேரம்” என்பது பெரும்பாலும் புறப்பாட்டுக்கு அரை மணி முன்பு. கப்பலே ஏற்பாடு செய்த சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்தில் சேர்த்துவிடும். தனியாகப் போனவருக்கு அந்தக் காப்பு கிடையாது, ஆகவே இரண்டு மணி நேரமாவது முன்னதாகத் திரும்பப் பாருங்கள். கேபினுக்கு வரும் தினசரி அறிக்கையில் துறைமுக முகவரின் (அந்த ஊரில் கப்பல் நிறுவனத்தின் பிரதிநிதி) தொலைபேசி எண் இருக்கும். இறங்கும் முன் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் கப்பல் வெளியே நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோகும். அலை அதிகமானால் அது ரத்தாகும், சக்கர நாற்காலியில் உள்ளவர்களை ஏற்ற முடியாமலும் போகலாம். முன்பதிவு செய்யும்போதே எந்தெந்தத் துறைமுகம் அப்படிப்பட்டது என்று கேளுங்கள்.

வயிற்றுப்போக்குப் பரப்பும் நோரோ வைரஸுக்குக் கொழுப்புறை இல்லாததால் ஆல்கஹால் ஜெல் அதனிடம் சரியாக எடுபடாது. சோப்பும் தண்ணீரும் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவுவதே காப்பு. பஃபே கரண்டியைப் பலர் தொடுகிறார்கள். தட்டை நிரப்பியதும் மறுபடி கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். வாந்தி வந்தால் மறைக்காமல் மருத்துவ மையத்துக்குச் சொல்லுங்கள். கேபினில் தனித்திருக்கச் சொல்வார்கள். பக்கத்துக் கேபின்களைக் காப்பது அதுதான். சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டும், கடலிலிருந்து அவசரமாக வெளியேற்ற நேர்ந்தால் செலவு மிகப் பெரிது. ஆகவே அவசர வெளியேற்றத்தையும் உள்ளடக்கிய பயணக் காப்பீடு எடுங்கள். 24 வாரத்தை எட்டும் கர்ப்பிணிகளையும் ஆறு மாதம் நிரம்பாத குழந்தைகளையும் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்பதில்லை.

கழிவறை வெற்றிட உறிஞ்சலில் வேலை செய்கிறது. ஈரத் துடைப்புத் தாள் ஒன்றைப் போட்டால் உங்கள் வரிசையில் உள்ள பல கேபின்களுக்கும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். பால்கனியிலிருந்து எதையும் வீசாதீர்கள், சிகரெட்டை ஒருபோதும் வீசாதீர்கள். 2006 மார்ச்சில் ஸ்டார் பிரின்சஸ் கப்பலின் பால்கனிகளில் தீ பரவி ஒருவர் உயிரிழந்தார்; அணைக்காத சிகரெட் துண்டே காரணமாக இருக்கக்கூடும் என்றது விசாரணை அறிக்கை.

கடைசி இரவில் பெட்டிகளை வண்ண அட்டை கட்டி வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் அவை துறைமுகக் கூடத்தில்தான் கைக்கு வரும். காலையில் போட்டுக்கொள்ள வேண்டிய உடை, செருப்பு, மருந்து, பாஸ்போர்ட் ஆகியவற்றை எடுத்து வைத்த பிறகே பெட்டியைப் பூட்டுங்கள். எல்லாவற்றையும் உள்ளே வைத்துவிட்டு இரவு உடையோடு இறங்கியவர்கள் உண்டு. கேபின் பெட்டகத்தைத் திறந்து, கையால் உள்ளே துழாவிப் பாருங்கள். திரும்பும் விமானத்தை நண்பகலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்